முன்பெஞ்சுக்கு ஒரு சண்டை

திரிஷாவின் கையில் முட்டை நாற்றம் அடித்தது. ஒரு நாள் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வருகிற எல்லா நாளும் அடித்தது. சத்துணவில் முட்டை போடுகிறார்கள், தின்றுவிட்டுக் கை கழுவாமல் வந்திருக்கும் என்று துர்கா சோப்பைப் போட்டுத் தேய்த்துவிடுவாள். அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த அன்றைக்கு வந்த குமட்டல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

துர்கா பிள்ளையார்பாளையத்துக்காரி. புருஷன் அர்ஜுனன் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவன். திரிஷா ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு. துர்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கீரை வாடியிருந்தால் வாடியிருக்கிறது என்று விற்கிறவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பிடிக்காதவர்களைப் பார்த்து பல்லைக் காட்டுகிற வித்தை அவளுக்கு வராது. அதனால் தெருவில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. மீதிப் பேர் ரேஷன் கடையில் சண்டை போட ஆள் வேண்டும் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு திரிஷா தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தது. கொடுத்துவிட்டு வரலாம் என்று போனாள். வகுப்பில் பிள்ளை இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனால், சத்துணவுக் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து திரிஷா முட்டை உரித்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு அன்னக்கூடை நிறைய அவித்த முட்டை. பாவாடை முழுக்க ஓடு.

"வாம்மா துர்கா. உம்பொண்ணு கை சுத்தம்மா. ஒரு முட்டைகூட பிஞ்சு போவாது" என்றாள் சமையல்கார அம்மாள், பாராட்டுகிற நினைப்பில்.

துர்கா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் போய் நின்றாள். வகுப்பு டீச்சர் நதியா வெளியே வந்தாள்.

"உள்ள கணக்கு நடக்குது. எம்பொண்ணு இன்னா டீச்சர் முட்டை உரிச்சிக்கினு இருக்குது?"

"கோச்சிக்காதீங்கமா. அவளுக்கு ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. பேரச் சொல்லிக் கூப்ட்டாகூட திரும்ப மாட்டேங்குறா. எதுனா கேட்டா பக்கத்துப் புள்ளயப் பாத்து சிரிக்கிறா. சும்மா ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு அங்கயாச்சும் சந்தோசமா இருக்கட்டுமேன்னு…"

"சந்தோசமா? உங்க வூட்டுப் புள்ளயா இருந்தா முட்டை உரிக்க வெச்சி சந்தோசப்படுவீங்களா?"

நதியா டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டாள். "பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. அரைப் பரீட்சை வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா திரும்ப எல்கேஜில ஒக்கார வைப்போம். இல்லாட்டி டிசி வாங்கிக்கினு அந்த மாதிரி புள்ளைங்க படிக்கிற ஸ்கூலா பாத்து சேத்துடுங்க."

"அந்த மாதிரின்னா எந்த மாதிரி?"

டீச்சர் வாயால் சொல்லவில்லை. ஒரு விரலால் தன் நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினாள். படித்த பெண், சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளை எதிரிலேயே அப்படிக் காட்டினாள். துர்காவுக்கு அந்த விரலைப் பிடித்து முறித்தால் என்ன என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அர்ஜுனன் தறியை நிறுத்தாமலே கேட்டான். தறி ஓடும்போது வாயால் பேசுவது அந்த வீட்டில் பழக்கம் இல்லை. பேசினாலும் கேட்காது. இவர்கள் தறி ஒன்று, பக்கத்து வீடுகளில் இந்தச் சுவரை ஒட்டி ஒன்று, அந்தச் சுவரை ஒட்டி இரண்டு. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நான்கும் மாற்றி மாற்றி அடிக்கும். அவன் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கென்று நூல் ஓட்டுகிற தனி நாடா, அதைத் தள்ள வலது பக்கம் ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் துர்காதான். பகலெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வார்த்தை இருக்காது. கண் காட்டினால் ஒன்று, முழங்கையால் இடித்தால் ஒன்று. தறி மரத்தில் ஓங்கித் தட்டினால் திரிஷா எங்கிருந்தாலும் ஓடி வரும். இரண்டு விரல் காட்டினால் நூல் சுற்றிய தார் கொண்டுவந்து கொடுக்கும். கையைக் குவித்தால் தண்ணீர்ச் சொம்பு வரும்.

ஆகவே அர்ஜுனன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "மந்தமா? இதுவா? நான் விரல எடுக்கறதுக்குள்ள தார் கைல இருக்குது. அந்த டீச்சருக்குத்தான் மந்தம்" என்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னான்.

"பின்ன ஏன்யா பேச்சு சரியா வரல? பாதி வார்த்தய முழுங்குதே."

"உங்க அண்ணன் லேட்டாத்தான் பேசுனானாம். உங்க வம்சம்."

அடுத்த தெருவில் இருந்து அவன் அக்கா லோகாம்பாள் வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை, வசம்பைச் சுட்டு உரசிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். துர்கா கடைக்குப் போன நேரம் பார்த்துப் பிள்ளையின் நாக்கை வெளியே இழுத்துத் தேய்த்திருக்கிறாள். திரும்பி வந்தால் பிள்ளை எச்சிலைத் துப்பித் துப்பி அழுகிறது. தரையெல்லாம் ஒழுக்கு.

"நாக்கு தடிப்பு துர்கா. அதான் பேச்சு வரல. நாலு வாட்டி தேய்ச்சா சரியாப் பூடும்."

"அண்ணி, உங்க நாக்குக்கு யாரு தேய்ச்சாங்க? அதுக்கு இன்னா மருந்துன்னு மொதல்ல பாருங்க."

லோகாம்பாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் நான்கு வீட்டில் உட்கார்ந்து திரிஷாவுக்குப் புத்தி மட்டு, அதைச் சொன்னால் அம்மாக்காரி அடிக்க வருகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி திரிஷாவின் தலையைத் தடவி "பாவம்" என்றாள். துர்காவுக்கு அந்தத் தடவல் வசம்பை விடக் கசந்தது.

அமாவாசை வந்தது. அமாவாசைக்குத் தறி ஓடாது. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்ததால் பள்ளிக்கூடமும் இல்லை. அர்ஜுனன் வெற்றிலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். துர்கா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். திரிஷா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுவீட்டில் வளையல் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"திரிஷா, அந்த முறத்த எடு" என்றாள் துர்கா.

பிள்ளை திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்தாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அதே குரல்தான், வீட்டுக்குள் எல்லாரும் பேசுகிற குரல். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போவதுகூடக் கேட்கிற அமைதி. பிள்ளை தலையைக்கூட அசைக்கவில்லை.

துர்காவின் கை கீரையோடு நின்றது. இவ்வளவு நாள் அவள் பெண்ணைச் சாதாரணக் குரலில் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டியிருக்கிறாள், தொட்டிருக்கிறாள், கை காட்டியிருக்கிறாள், இல்லாவிட்டால் தறிச் சத்தத்துக்கு மேலே அடித்தொண்டையில் கத்தியிருக்கிறாள். இந்தத் தெருவில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எழுந்து போய் அர்ஜுனனை உலுக்கினாள். "யோவ், தறி மரத்துல தட்டு."

"இன்னிக்கு அமாவாசடி."

"நெய்ய சொல்லல. தட்டு."

தட்டினான். திரிஷா உடனே திரும்பி எழுந்து வந்தது. திரும்ப அதை உட்கார வைத்துவிட்டு, "இப்ப பேரச் சொல்லிக் கூப்டு. கத்தாத. எங்கிட்ட பேசற மாதிரி" என்றாள்.

"திரிஷா" என்றான். "திரிஷாம்மா." கொஞ்சம் கிட்டப் போய், "பாப்பா" என்றான்.

பிள்ளை பச்சை வளையல் துண்டைச் சிவப்பின் பக்கத்தில் வைத்தது.

"தரை அதிருதுல்ல, அதுல வருதுயா. காதால வரல" என்றாள் துர்கா.

அர்ஜுனன், காலை இறக்கி நெய்கிற தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட எழுந்து போகவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். மணி ரொம்ப நேரம் திரிஷா கையிலேயே இருந்தது. சோதித்த அம்மாள் வெளியே வந்து சொன்னாள்: "ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல கேக்கலமா. வாயசைவ பாத்து சமாளிச்சிக்கிட்டு இருக்கா. புத்தியில ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா கெட்டிக்காரி, இல்லன்னா இவ்ளோ நாள் உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்க முடியாது. எல்கேஜிலயே கண்டுபிடிச்சிருக்கலாமே, ஸ்கூல்ல பாக்கலயா?"

பார்த்தார்கள். அவர்கள் பார்த்த லட்சணம் துர்காவுக்குத் தெரியும். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்கவைத்து, காதில் டார்ச் அடித்து, சீழ் இல்லை என்றால் அடுத்த ஆள் என்று தள்ளிவிட்டார்கள். காது இருக்கிறதா என்று பார்த்தார்கள், கேட்கிறதா என்று பார்க்கவில்லை. தினமும் பேர் கூப்பிடுகிற டீச்சருக்கும் தெரியவில்லை. முன்னால் இருக்கிற பிள்ளை கையைத் தூக்கி இறக்கியதும் தான் தூக்க வேண்டும் என்று திரிஷா கற்றுவைத்திருந்தது. வரிசை மாறினால் மாட்டிக்கொள்ளும், அப்போது அது மந்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து காது மெஷின் வந்தது. போட்டதும் பிள்ளை முகம் மலர்ந்து அம்மா என்று கூப்பிடும் என்று அர்ஜுனன் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் அழைத்து வைத்திருந்தான். பக்கத்துத் தறி அந்த நேரம் பார்த்து அடித்தது. திரிஷா வீல் என்று அலறி இரண்டையும் பிடுங்கி எறிந்தது. அழைக்கப்பட்டவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பள்ளிகளுக்குச் சுற்றில் வருகிற சிறப்பு ஆசிரியர் டேனியல்தான் வீடு தேடி வந்து வழி சொன்னார். மெலிந்த மனிதர், எப்போதும் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்திருப்பார், அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று. "தறி ஓடும்போது கழட்டிடுங்கமா. நின்னப்புறம் போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா பழகும். ஸ்கூல்ல முன்னாடி பெஞ்சுல ஒக்காரணும். டீச்சர் அவ மூஞ்சியப் பாத்து பேசணும். மெஷின் பாதி வேலதான் செய்யும், மீதி வேல அது ரெண்டும்தான்."

"இத ஸ்கூல்ல சொல்லிட்டீங்களா சார்?"

"பெரிய டீச்சர்கிட்டயே சொல்லிட்டேன்மா. சரின்னுட்டாங்க."

அன்றிலிருந்து அர்ஜுனன் வெளிச்சம் இருக்கும்போதே தறியை நிறுத்தினான். சேலை நெய்து முடிந்து தறியிலிருந்து இறங்குவது தள்ளிப்போயிற்று. அந்த நேரத்தில் துர்கா திரிஷாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு வாயில் வந்ததெல்லாம் பேசினாள். பருப்பு, பல்லி, லோகாம்பாள் அத்தை எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள். பிள்ளை விழுங்கிய எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "அ" என்று கிடந்தது "அத்தை" ஆனது.

வீட்டில் இப்படி இருக்க, பள்ளிக்கூடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் பிள்ளை காது வெறுமையாக வந்தது. மெஷின் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. மறுநாளும் அப்படியே.

"ஏண்டி கழட்டுன?"

திரிஷா ஒரு கையால் காதிலிருந்து எடுப்பது போலக் காட்டியது, மேசை இழுப்பறையை இழுத்து மூடுவது போலக் காட்டியது. பிறகு நினைவு வந்தது போல வாயாலும் சொன்னது. "டீச்சர் வெச்சாங்க. வூட்டுக்கு வரப்ப குடுத்தாங்க."

துர்கா அரிசி உலையை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பெரிய டீச்சர் பட்டம்மாள் அறையில் நதியா டீச்சரும் இருந்தாள், டேனியலும் இருந்தார். அன்றைக்கு அவர் வருகிற நாள்.

"வெல கூடுன பொருளுமா. ஓடியாடற புள்ளைங்க. தொலஞ்சிட்டா யாரு பதில் சொல்றது? அதான் எடுத்து வெச்சேன்" என்றாள் நதியா டீச்சர். "அப்பப்ப கீச்சுன்னு சத்தம் வேற வருது. மத்த புள்ளைங்க சிரிக்குது, கிளாஸே நடத்த முடியல."

"மூக்குக் கண்ணாடி போட்டுக்கினு இருக்கீங்களே டீச்சர். ஒடஞ்சிடும்னு கழட்டி டிராயர்ல வெச்சிட்டா பாடம் எடுப்பீங்களா?"

டேனியல் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு, "மேடம், நான் அப்பவே சொன்னேன்…" என்றார்.

"நீங்க சொன்னீங்க சார். சொல்லிட்டு வண்டி ஏறிட்டீங்க. திரும்ப வந்து பாத்தீங்களா?" என்று துர்கா அவர் பக்கமும் திரும்பினாள். பாவம் அந்த மனிதர், ஊர்ப்பட்ட பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை ஆள். ஆனால் பாவம் பார்த்தால் பிள்ளைக்குக் காது கேட்டுவிடுமா?

"முன்பெஞ்சு இன்னாச்சு?" என்றாள்.

பட்டம்மாள் கண்ணாடியைத் துடைத்தாள். "இந்தாம்மா, உனக்குப் புரியாது. ஆய்வுக்கு வர்றவங்க மொதல்ல முன்பெஞ்சப் பாத்துதான் கேள்வி கேப்பாங்க. நல்லா பதில் சொல்ற புள்ளைங்க அங்க இருக்கணும். இவ அங்க ஒக்காந்து முழிச்சா ஸ்கூல் பேரே போயிடும். அரைப் பரீட்சை வருது, அது வரைக்கும்தான் நான் பாப்பேன்னு சொல்லியிருக்கேன்."

படிக்கத் தெரிந்த பிள்ளைகள் டீச்சர் பக்கத்தில். படிக்க முடியாதவர்கள் கேட்காத, தெரியாத தூரத்தில். சோறு உண்டவனுக்கு இன்னொரு கரண்டியும், பசித்தவனுக்குக் கைகழுவத் தண்ணீரும் வைக்கிறார்கள், அதற்கு ஒரு கட்டடம், ஒரு மணி, காலையில் ஒரு பிரார்த்தனை.

"சரி. அரைப் பரீட்சை வரைக்கும் டைம் குடுத்தீங்க இல்ல? அது வரைக்கும் அவ முன்பெஞ்சுல, மெஷின் காதுல. நானும் கிளாஸ்ல தரையில ஒக்காந்துக்கினு இருப்பேன். தொலஞ்சா நான் பதில் சொல்றேன். அப்பவும் அவளுக்கு ஏறலன்னா நானே டிசி கேக்கறேன்."

"பெத்தவங்கள கிளாஸ்ல விட ரூல் இல்லம்மா."

"முட்டை உரிக்க விட ரூல் இருக்குதா? இருந்தா காட்டுங்க. இல்லன்னா பெரிய ஆபீஸ்ல போய் நானே கேட்டுக்கறேன்."

டேனியல் முதல் முறையாக ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். "நானும் கூடப் போறேன் மேடம்" என்றார். குரல் என்னவோ கம்மிதான். பட்டம்மாள் துடைத்த கண்ணாடியைத் திரும்பத் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து துர்கா வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்தாள். கோர்வைக்கு ஆள் இல்லை. அர்ஜுனன் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்தான். "என் தலையெழுத்து. இவ பள்ளிக்கூடம் போறா, நான் இவளுக்கு நாடா தள்றேன்" என்று லோகாம்பாள் தெருவெல்லாம் கேட்கச் சொன்னாள். கரை நெளிந்ததற்கு அவனிடம் பேச்சும் வாங்கினாள்.

வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் துர்காவுக்கு இன்னொன்று தெரிந்தது. நதியா டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதே இல்லை, பலகைக்கு நடத்துகிறாள். எழுதிக்கொண்டே பேசுகிறாள், முதுகுதான் பிள்ளைகளுக்கு. காது கேட்கிற பிள்ளைகளுக்கே பாதிதான் விழும்.

"டீச்சர், திரும்பிப் பேசுங்க" என்றாள் துர்கா.

டீச்சர் முறைத்துவிட்டுத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் பழையபடி பலகை. "டீச்சர், மூஞ்சி." பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. அடுத்தடுத்த நாட்களில் துர்கா வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, தொண்டையைச் செருமினால் போதும். பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, திரும்பி நின்று பேசுவது டீச்சருக்கே பழகிவிட்டது.

அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம் மழையைப் பற்றிப் பாடம். "மழை எங்கேருந்து வருது? யாரு சொல்றீங்க?" என்று டீச்சர் முன்வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

திரிஷா கையைத் தூக்கியது. பக்கத்தில் யாரும் தூக்கவில்லை, பார்த்துத் தூக்க ஆளே இல்லை. "ஓட்டுலேந்து, டீச்சர். தறிக்குழில வியும். அப்பா கத்துவாரு."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நதியா டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துர்கா முதலில் பல்லைக் கடித்தாள், அப்புறம்தான் புரிந்தது. பிள்ளை சொன்ன விதத்துக்கு இல்லை, சொன்ன விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டு ஓடும் அப்படித்தான் ஒழுகும்.

"எல்லாரும் திரிஷாவுக்கு கை தட்டுங்க!" என்றாள் டீச்சர், கண்ணெல்லாம் பளபளக்க.

"இன்னாத்துக்கு டீச்சர் கை தட்டு? மத்த புள்ளைங்க பதில் சொன்னா தட்டறீங்களா? அடுத்த கேள்வியக் கேளுங்க."

அரைப் பரீட்சையில் திரிஷா தேறியது. முதலிடமெல்லாம் இல்லை, நடுவாந்தரம். டிசி பேச்சு, எல்கேஜி பேச்சு இரண்டையும் பட்டம்மாள் அப்புறம் எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "உம்பொண்ணு நல்லா முன்னேறிட்டாம்மா" என்றாள், தானே கைப்பிடித்து முன்னேற்றியது போல. துர்காவுக்கு அருவருப்பு இன்னும் கூடியது. பிள்ளை பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசியிருந்தால் போதும். பிள்ளையை இரண்டு கஜம் முன்னால் நகர்த்தியிருந்தால் போதும். அரிசிப் பானையை இந்த அடுப்பிலிருந்து அந்த அடுப்புக்கு மாற்றுகிற வேலை. இதற்காகவா ஒரு குழந்தையை இத்தனை நாள் முட்டாள் என்றார்கள்?

வகுப்பில் உட்கார்கிற கடைசி நாள் அன்று மணி அடித்ததும் துர்கா எழுந்தாள். நாளையிலிருந்து தறிக்குப் போக வேண்டும். லோகாம்பாள் போட்ட கரையைப் பிரித்துப் போடுகிற வேலையே நிறைய இருந்தது. வெளியே போகத் திரும்பியபோதுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். முன்பு திரிஷா இருந்த இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அனு என்று பேர், தெரியும். புத்தகத்தை மூக்குக்கு ஒட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது. முந்தின நாள் வரைக்கும் இரண்டாம் வரிசையில் இருந்த பிள்ளை.

"இத ஏன் டீச்சர் பின்னாடி தள்ளுனீங்க?"

"ஐயோ, அவளா? போர்டப் பாத்து எழுதவே மாட்டேங்குறாமா. சரியான சோம்பேறி" என்றாள் நதியா டீச்சர், பையை எடுத்துக்கொண்டே.

துர்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பேசிப் பிரயோசனமில்லை என்று தோன்றியது. பேசாமல் விட்டாலும் ஆகாது என்றும் தோன்றியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய், பிள்ளையின் புத்தகத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"உங்க வூடு எந்தத் தெருமா? வா, உங்கம்மாவ பாத்துட்டுப் போலாம்."